எத்தனை பேரில் நூறு?

கேள்வி: மதிப்புக்குரிய அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். மகள் உள்ளூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். நான் அங்கே பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். போன பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எங்கள் பள்ளியில் 22 பேர் எழுதி 18 பேர் பாஸ். கும்பகோணம் ரோட்டில் இருக்கும் ஒரு மெட்ரிக் பள்ளி '41-க்கு 41, நூறு சதவீதம்' என்று பஸ் ஸ்டாண்டு முழுக்க ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. நகையைக் கூட்டுறவு பேங்கில் வைத்தாவது ஒன்பதாவதுக்கு அங்கே மாற்றிவிடு என்கிறார் நாத்தனார். எந்தப் பள்ளி எப்படி என்று அரசாங்கமே நம்பகமாகச் சொல்லும் இடம் ஏதாவது உண்டா? குழுக் கூட்டத்தில் கேட்டால் 'அதெல்லாம் ஆபீஸ் விஷயம்மா, இங்க கையெழுத்துப் போடுங்க' என்கிறார் தலைமையாசிரியர். அழுத்திக் கேட்டால் என் பெண்ணிடம் காட்டிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில் (ஓய்வுபெற்ற அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை):

அன்புள்ள தங்கைக்கு,

ஊரில் ஒருவர் வந்து 'இந்த சம்பாவில் நூறு மூட்டை கண்டேன்' என்றால் நீங்கள் உடனே என்ன கேட்பீர்கள்? 'எத்தனை மாவுக்கு?' என்றுதானே. பத்து மாவில் நூறு மூட்டை என்றால் நல்ல மகசூல். ஒரு வேலிக்கே, அதாவது இருபது மாவுக்கே, நூறுதான் என்றால் பேச்சே வேறு. நெல்லுக்கு நாம் தவறாமல் கேட்கும் இந்தக் கேள்வியை, பிள்ளை படிக்கும் பள்ளி விஷயத்தில் கேட்காமல் விட்டுவிடுகிறோம். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஃபிளெக்ஸில் தொகுதியைத்தான் பெரிதாக அடிப்பார்கள். நீங்கள் பகுதியைத் தேடிப் போக வேண்டும்.

41-க்கு 41 என்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் முந்தைய ஆண்டு ஒன்பதாவது படித்தபோது வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? அதே 41 பேர் என்றால் அந்தப் பள்ளியை நான் மனதாரப் பாராட்டுவேன். 55 பேர் இருந்திருந்தால் அந்தப் பதினான்கு பேர் எங்கே போனார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

எப்படிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் ஒரு பிள்ளையை அனுப்பியிருக்கிறேன். தலைமையாசிரியையான புதிதில் நடந்தது. கணக்கில் தேறவே மாட்டான் என்று எல்லா ஆசிரியர்களும் கைவிட்ட ஒரு பையன். ஒன்பதாவது முடிந்ததும் அவன் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 'பையன் பிரைவேட்டாக எழுதட்டும், அதுதான் அவனுக்கு நல்லது' என்று பக்குவமாகப் பேசினேன். அவர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார், மறுபேச்சில்லை. டி.சி.யில் 'விலகும் காரணம்' என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று என் கையால் எழுதினேன். அந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு நூறு சதவீதம், மேடையில் கேடயம். அந்தப் பெற்றோர் அப்படி ஒரு விருப்பத்தைச் சொல்லவே இல்லை. விருப்பம் என்னுடையது. இதை இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கை நடுங்குகிறது. பிறகு வேறெந்தப் பிள்ளைக்கும் அப்படி எழுதவில்லை என்பது அந்தப் பையனுக்கு ஈடாகாது.

ஒன்பதாம் வகுப்பில்தான் இது அதிகம் நடக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தால் தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஒன்பதாவதில் அந்தக் காப்பு முடிகிறது. பத்தாம் வகுப்புக்கான நாமினல் ரோல், அதாவது பரீட்சை எழுதுவோர் பெயர்ப்பட்டியல், மேலே போவதற்கு முன்பே வகுப்பை 'சலித்து' விடுகிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளை தேர்ச்சிக் கணக்கிலும் இல்லை, தோல்விக் கணக்கிலும் இல்லை. கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவான எமிஸில், வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும் வரை அந்தப் பிள்ளை பொதுத் தொகுப்பில் கிடக்கும்.

இனி உங்கள் பள்ளிக் கணக்குக்கு வருவோம். 22-க்கு 18 என்பது 81.8 சதவீதம். இன்னும் ஒரே ஒரு பிள்ளை பாஸ் பண்ணியிருந்தால் 86.4. ஒரு பிள்ளை நாலரை சதவீதத்தைத் தூக்குகிறது, இறக்குகிறது. பரீட்சை அன்று ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும் பள்ளியின் 'தரம்' சரிந்ததாகப் பேசுவார்கள். இவ்வளவு சின்ன வகுப்பை ஒரு வருஷ எண்ணை வைத்து எடைபோடுவது சரியில்லை. ஐந்து வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஃபெயிலான அந்த நாலு பேரும் துணைத்தேர்வு எழுதினார்களா, அதில் தேறினார்களா என்றும் கேளுங்கள். மே மாதத்துச் செய்தியில் இது வராது, அதன்பிறகு கேட்க ஆளும் இருப்பதில்லை. அந்த நாலு பேரும் ஜூலைக்குள் பாஸாகிப் பதினோராவது சேர்ந்திருந்தால், உங்கள் பள்ளி யாரையும் கழித்துவிடாமல் எல்லோரையும் கரைசேர்த்திருக்கிறது என்று அர்த்தம். என் பார்வையில் அது ஃபிளெக்ஸ் பள்ளியைவிடப் பெரிய காரியம்.

எந்த வருஷம் என்பதையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கூரை பறந்தது, தென்னை சாய்ந்தது, பள்ளிக்கூடங்களே நிவாரண முகாம் ஆயின, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்தப் பிள்ளைகள் நாலே மாதத்தில் பத்தாவது பரீட்சையில் உட்கார்ந்தார்கள். அவர்களின் சதவீதத்தை, அந்தப் புயல் தொடாத ஊரின் சதவீதத்தோடு ஒரே பட்டியலில் வைத்து யார் மேலே யார் கீழே என்று பார்ப்பதில் என்ன நியாயம்? 2017-இல் தமிழ்நாடு அரசு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் சதவீதத்தை வரிசைப்படுத்தும் வழக்கம் போகவில்லை. அந்த வரிசையின் பாரம் கடைசியில் தலைமையாசிரியர் தலையில் இறங்குகிறது, அவர் அதை ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்கு இறக்குகிறார்.

அரசாங்கம் நம்பகமாகச் சொல்லும் இடம் உண்டா என்று கேட்டீர்கள். துண்டு துண்டாக உண்டு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் 33 என்று தொடங்கும் 11 இலக்க யூடைஸ் எண், அதாவது அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் உள்ள அடையாள எண், இருக்கிறது. யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பள்ளியின் அறிக்கை அட்டை வரும். ஆசிரியர் எத்தனை பேர், வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், நூலகம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். தனியார் பள்ளிக்கும் உண்டு. படிப்பு எப்படி என்று அதில் தெரியாது. அந்த விவரங்களைப் பள்ளியே நிரப்புகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். குழு உறுப்பினர் என்ற முறையில், அட்டையில் உள்ள கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நேரில் போய்ப் பார்க்க உங்களால் முடியும். மத்திய அரசின் அடைவு ஆய்வுகள் மாதிரி எடுத்துச் செய்யப்படுபவை. அவற்றிலிருந்து மாவட்டத்தின் நிலை தெரியும், உங்கள் பள்ளியின் நிலை தெரியாது.

தனியார் பள்ளியானால் கட்டணமும் பொதுத் தகவல்தான். 2009-இல் வந்த சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அது இணையதளத்தில் கிடைக்கும். பேங்குக்கு நகையை எடுத்துப் போகும் முன் அந்தத் தொகையையும் பள்ளியில் சொல்லும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கும்பகோணத்தைச் சுற்றி வாழும் நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் சத்துணவுச் சமையலில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதுவும் அரசு உதவி பெற்று நடந்த பள்ளிக்கூடம்தான். ஓலைக்கூரை ஊர் கண்ணெதிரில்தான் இருந்தது. பள்ளியைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டிய முதல் தகவல் அன்று யார் கையிலும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. எனவே எந்தத் தனியார் பள்ளிக்குப் போனாலும் மார்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். ஆபீஸ் அறையில் மாட்டியிருந்தால் தேதியைப் படியுங்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் பெண் என்ன கற்றிருக்கிறாள் என்பது இந்த எந்த அட்டையிலும் வராது. அதை நீங்களே பார்க்கலாம். 'ஏசர்' என்று நாடு முழுக்கக் கிராமத்து வீடுகளில் 2005 முதல் செய்யும் ஆய்வில் வைக்கும் சோதனை மிக எளியது. இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதையைப் பிள்ளை தடங்கலில்லாமல் வாசிக்க வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல். எட்டாவது படிக்கும் பிள்ளை இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். உட்கார வைத்து, மிரட்டாமல், விளையாட்டுப் போலச் செய்யச் சொல்லிப் பாருங்கள். வகுத்தலில் தடுக்கினால் உங்கள் பெண்ணுக்கு இப்போது வேண்டியது வகுத்தல் சொல்லிக்கொடுக்கும் ஆள். பள்ளி மாறினாலும் அந்தத் தடுக்கல் கூடவேதான் போகும்.

இப்படித் தகவல் வெளியே வந்தால் பள்ளிகள் திருந்துமா என்று என் சக ஆசிரியர்கள் பலரும் கேட்டிருக்கிறார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் ஆய்வாளர்கள் 112 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் மட்டும் ஒவ்வொரு பெற்றோர் கையிலும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளையின் மதிப்பெண் இது, ஊரிலுள்ள ஒவ்வொரு பள்ளியின் சராசரி இது என்று. சீட்டுக் கொடுத்த ஊர்களில் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது, தனியார் பள்ளிக் கட்டணம் 17 சதவீதம் இறங்கியது. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் செய்த ஆய்வில், ஊர்க் கூட்டம் போட்டுக் கல்விக் குழுவின் உரிமைகளை எடுத்துச் சொன்னதால் அரசுப் பள்ளிகளில் ஒன்றும் அசையவில்லை. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு வகுப்பு நடத்திய இடங்களில், அங்கே வந்த பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் தங்கள் பிள்ளையின் எண்ணைக் கையில் வாங்கிய பெற்றோர், மறுபக்கம் உரிமைகளைக் கூட்டத்தில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பெற்றோர். நம் ஊரில் 'இல்லம் தேடிக் கல்வி'யில் மாலையில் வகுப்பெடுத்த பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வகுத்தலுக்கு அவர்களில் ஒருவரைக் கேளுங்கள்.

எண்ணோடு தண்டனையைக் கட்டினால் வேறு விபரீதம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மதிப்பெண் உயராவிட்டால் வேலைக்கே ஆபத்து என்ற நிலை வந்தது. 2011-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு நடந்ததாகச் சொன்னது. பிள்ளைகள் எழுதிய விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருந்தார்கள். நான் டி.சி.யில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதியதும் அதே ரகம்தான். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், தலைமையாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற தோரணையில் கேட்காதீர்கள். அவர்மீதும் மேலே இருந்து சதவீதம் கேட்டு அழுத்துகிறார்கள்.

எப்படிக் கேட்பது? தனியாகக் கேட்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவரும் ஒரு பெற்றோரே. 22-ஆவது பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்கிறது. பள்ளியின் நிலை தெரியாமல் திட்டம் எப்படிப் போடுவது? ஆகவே இது ஆபீஸ் விஷயம் இல்லை, குழுவின் வேலை. உங்களைப் போல இரண்டு மூன்று அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 'என் பெண் எப்படிப் படிக்கிறாள்' என்று நீங்கள் ஒருத்தி கேட்டால் அது உங்கள் பெண்ணின் மேல் திரும்பக்கூடும், நீங்கள் பயப்படுவதில் தவறில்லை. 'நம் பள்ளியின் விவரத்தைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்' என்று குழு தீர்மானம் போட்டால் அதில் எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை. தீர்மானத்தைக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் பதிவேற்றச் சொல்லுங்கள்.

பலகையில் என்ன எழுதுவது? என்னைக் கேட்டால் ஐந்தே வரி போதும். ஒன்பதாவதில் சேர்ந்தவர் எத்தனை, பத்தாவது எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை, துணைத்தேர்வில் தேறியவர் எத்தனை, டி.சி. வாங்கிப் போனவர் எத்தனை, எங்கே போனார்கள். இதைச் செய்யும் பள்ளி தன் தேர்ச்சி சதவீதத்தை அடிக்காமலே விட்டாலும் எனக்கு நம்பிக்கை வரும். இடம் இருந்தால் ஆறாவதாக, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாக இல்லை என்று எழுதலாம். உங்கள் பள்ளியில் தோற்ற நாலு பேரும் கணக்கில் தோற்று, கணக்கு டீச்சர் பணியிடமும் மாதக்கணக்கில் காலி என்றால், பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் தலைமையாசிரியர் இல்லை. அப்போது அவரும் நீங்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு மாவட்டக் கல்வி அலுவலரிடம் போகலாம். கிராம சபையிலும் வைக்கலாம்.

கேட்டும் கிடைக்காவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த மெட்ரிக் பள்ளியின் எண்ணிக்கையையும் இப்படிக் கேட்கலாம். மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்துக்கு எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு, ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், அடுத்த ஆண்டு நாமினல் ரோலில் எத்தனை பேர். அல்லது நாத்தனாரையே நேரே பள்ளிக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். நல்ல பள்ளியானால் மறைக்க மாட்டார்கள்.

கடைசியாக, மாற்றலாமா வேண்டாமா. இப்போது மாற்றினால் உங்கள் பெண் எதை இழப்பாள் என்று எந்த ஃபிளெக்ஸும் சொல்லாது. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-இல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை என்ற நிபந்தனைதான், அதில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்வார்கள், மெட்ரிக் பள்ளி சேராது. எட்டாவதோடு உங்கள் பெண் மூன்று வருஷம் முடித்துவிடுவாள். ஒன்பதாவதில் வெளியே போனால் இரண்டும் கைநழுவும். நானாக இருந்தால் நகையை வைக்க மாட்டேன். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் உங்கள் பள்ளியில் ஆசிரியர் இல்லை, வரவும் போவதில்லை என்று உறுதியானால், பக்கத்தில் ஆசிரியர் நிறைந்த வேறொரு அரசுப் பள்ளியைப் பாருங்கள். மெட்ரிக் பள்ளியை அதற்கும் பிறகு யோசிக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தை உங்கள் பக்கம் நகர்த்திக் கையெழுத்துக் கேட்கும்போது, மேலே எழுதியிருப்பதை எல்லோருக்கும் கேட்க ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா